ஊசிக்கு முன்னால் மருந்துச் சீட்டைக் காட்டுங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பத்து நிமிடம்தான் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். 33 வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். நேரத்துக்குக் கவுண்டரை மூடத் தெரியும், பயப்படாதீர்கள்.

நான் மருத்துவர் இல்லை, பி.காம். படித்தவன். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் ஒரு தப்புப் பண்ணி அதற்கான விலையைக் கொடுத்திருக்கிறேன். அதே தப்பை நீங்கள் பண்ணக்கூடாது என்பதற்காகத்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

எனக்கு சொரியாசிஸ் இருக்கிறது. செதில் படை, காளாஞ்சகப் படை என்றெல்லாம் சொல்வார்கள். இங்கே குடிவந்து 11 வருடம் ஆகிறது. இவ்வளவு நாள் உங்களிடம் சொன்னதில்லை. வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நடைப்பயிற்சிக்கு வருவேன், ஏன் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். இதுதான் காரணம். கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில், என் கையைப் பார்த்துவிட்டு ரூபாய் நோட்டை வாங்கத் தயங்கியவர்கள் உண்டு. அதிலிருந்து வந்த பழக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது ஒட்டுவாரொட்டி இல்லை. கை கொடுத்தால் வராது, ஒரே லிஃப்டில் வந்தால் வராது, நீச்சல் குளத்தில் இறங்கினாலும் வராது. நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, வேண்டாத இடத்தில் வேகம் காட்டுவதால் வருவது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் வளர்ந்து உதிர வேண்டிய தோல், சில நாட்களிலேயே வளர்ந்து செதிலாக உதிர்கிறது. சிலருக்கு மூட்டுகளையும் பிடிக்கும்.

லேசாக இருந்தால் களிம்பு போதும். அதிகமானால், எதிர்ப்பு சக்தியின் வேகத்தைக் குறைக்கிற மருந்து கொடுப்பார்கள். மெத்தோட்ரெக்சேட், சைக்ளோஸ்போரின் போன்றவை ஒரு வகை. அடாலிமுமாப், செக்குகினுமாப் போன்ற பயாலஜிக் ஊசிகள் இன்னொரு வகை. நான் சாப்பிடுவது மெத்தோட்ரெக்சேட். இதைத் தோல் நோய்க்கு வாரத்தில் ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் பெரியவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

இனி என் கதை. மாத்திரை ஆரம்பித்தபோதே என் தோல் மருத்துவர் சில தடுப்பூசிகளின் பெயரை எழுதிக் கொடுத்தார். அதற்குள் தெரிந்தவர் ஒருவர், “எதிர்ப்பு சக்தி குறைந்தவன் தடுப்பூசி பக்கமே போகக்கூடாது” என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மருத்துவரிடம் திரும்பக் கேட்கவில்லை. நம் கிளப் ஹவுஸில் ஃப்ளூ ஊசி முகாம் நடந்ததே, அன்றும் வரவில்லை. வந்தால் அந்தப் படிவத்தில் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள். அதைப் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் எழுத வேண்டும். கூச்சம்தான்.

போன வருடம் எனக்கு அக்கி வந்தது. இடது பக்க விலாவில் வரிசையாகக் கொப்புளங்கள். ஊர் வழக்கப்படி, குயவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டேன். ஐந்தாம் நாள்தான் மருத்துவரிடம் போனேன். கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால் நல்ல பலன் இருக்கும், தாமதித்துவிட்டீர்கள் என்றார். கொப்புளம் மூன்று வாரத்தில் காய்ந்தது. நரம்பு வலி ஏழு மாதம் இருந்தது. பனியன் உரசினாலே தீப்பட்டது மாதிரி இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் உட்கார்ந்திருப்பேன், எனக்குத் துணையாக என் மனைவியும் உட்கார்ந்திருப்பாள்.

சிறு வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து, வயதானாலோ எதிர்ப்பு சக்தி தளர்ந்தாலோ அக்கியாகக் கிளம்புகிறது. எனக்கு இரண்டும் சேர்ந்திருந்தது. அதற்குத் தடுப்பூசி உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் அதுதான் முதல் பெயர்.

அப்புறம்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். விஷயம் இவ்வளவுதான்: தடுப்பூசியில் உயிருள்ளது, உயிரற்றது என்று இரண்டு வகை.

உயிரற்ற வகையில் நோயை உண்டாக்கும் கிருமி உயிரோடு இருக்காது. எங்களைப் போன்றவர்களுக்கு அதனால் அந்த நோய் வர வழியில்லை. பலன் மட்டும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். வருடத்துக்கு ஒரு முறை போடும் ஃப்ளூ ஊசி, நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசி, ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ், இப்போது கிடைக்கும் ஷிங்ரிக்ஸ் என்ற அக்கி ஊசி எல்லாம் இந்த வகை. ஷிங்ரிக்ஸ் இரண்டு தவணை. விலை அதிகம்தான், என் பென்ஷனில் ஒரு பெரிய துண்டு விழுந்தது. ஏழு மாத வலியோடு ஒப்பிட்டால் அது செலவே இல்லை. அக்கி வந்து போனவர்களும் குணமான பிறகு போட்டுக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் போட்டுக்கொண்டேன்.

உயிருள்ள வகையில், பலவீனப்படுத்திய கிருமி உயிரோடு இருக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு அது பொதுவாகக் கூடாது. சின்னம்மை ஊசி, தட்டம்மைக்கான எம்.எம்.ஆர்., மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்து, காசநோய்க்கான பிசிஜி, மஞ்சள் காய்ச்சல் ஊசி ஆகியவை இதில் வரும். மஞ்சள் காய்ச்சல் வேறு, மஞ்சள் காமாலை வேறு. கென்யா, நைஜீரியா மாதிரி நாடுகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள். ஊசி கூடாது என்றால் அதற்கு மருத்துவச் சான்று தேவைப்படும். அந்தச் சான்றோடு அங்கே போவது பாதுகாப்பா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

அடுத்தது நேரம். மருந்து இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் அதுதான் நல்ல சமயம். உயிரற்ற ஊசிகளை முடிந்தவரை இரண்டு வாரம் முன்பும், உயிருள்ளவை தேவைப்பட்டால் குறைந்தது நான்கு வாரம் முன்பும் முடித்துவிடச் சொல்கிறார்கள். பயாலஜிக் ஆரம்பிக்கும் முன் காசநோய், ஹெபடைட்டிஸ் பி பரிசோதனைகளும் செய்வார்கள். ஏற்கெனவே மருந்தில் இருந்தாலும் உயிரற்ற ஊசிகளைப் போட்டுக்கொள்ளலாம். ஃப்ளூ ஊசி நன்றாக வேலை செய்வதற்காக, ஊசிக்குப் பின் இரண்டு வாரம் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தி வைக்கச் சொன்னார் என் மருத்துவர். உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொல்லலாம். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், படை திரும்பக் கிளம்பிவிடும்.

தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை. குழந்தைக்குக் கொடுக்கும் போலியோ சொட்டு மருந்தும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் உயிருள்ளவை. அந்தக் கிருமி சில வாரங்கள் குழந்தையின் மலத்தில் வெளிவரும். அதற்காகக் குழந்தைக்குச் சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அந்த நாட்களில் டயப்பர் மாற்றும் வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். முடியாவிட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவுங்கள். பேரக் குழந்தையைக் கொஞ்சத் தடை ஏதுமில்லை.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முகாமில் படிவத்தை வரிசையில் நிற்க வைத்து நிரப்பச் சொல்லாமல், முந்தின நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நிரப்பி, மடித்து, நேராக மருத்துவரிடம் கொடுக்கட்டும். வங்கியில் ஒருவர் பாஸ்புக்கை இன்னொருவர் பார்க்க விடமாட்டோம், அதே மரியாதை மருந்துச் சீட்டுக்கும் வேண்டும். சொரியாசிஸ் மட்டுமல்ல, முடக்குவாதம், குடல் அழற்சி, சிறுநீரக மாற்று என்று இதே மாதிரி மருந்து சாப்பிடுபவர்கள் நம் மூன்று பிளாக்குகளிலும் இருக்கலாம். அவர்கள் என்னைப் போல வெளியே சொல்லாமல் இருக்கலாம்.

அப்படி யாராவது இருந்தால், மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போய், “எனக்கு எந்த ஊசி ஆகும், எது ஆகாது?” என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் என் வீட்டுக் காலிங் பெல்லை அடியுங்கள், துணைக்கு வருகிறேன்.

இன்று அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன். கவனித்திருப்பீர்கள்.