நொறுங்கும் எலும்பும் அளவான அசைவும்

துணி மாற்றும்போதே தொடையெலும்பு முறிந்துவிடும் குழந்தைகள் உண்டு. ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்றாகக் காணப்படும் நொறுங்கெலும்பு நோய் அது. எலும்புக்கு உறுதி தரும் கொல்லாஜன் என்னும் புரதம், மரபணுக் கோளாறினால் குறைந்தோ பிழைபட்டோ அமைவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். தாய் சரியாக ஊட்டாததால் வந்ததன்று. இதை அழுத்திச் சொல்கிறோம். ஏனெனில் பழி முதலில் அவள் தலையில்தான் விழுகிறது.

இக்குழந்தையை மெத்தையில் கிடத்தி அசையாமல் காப்பது அன்பின் செயலே. ஆயினும் பளு தாங்காத எலும்பு மேலும் மெலிகிறது, உழைக்காத தசை சுருங்குகிறது, மெலிந்த எலும்பு மறுபடி முறிகிறது, மறுபடியும் படுக்கை! இந்தச் சுழலை அறுக்கவே மருந்தோடு தேகப்பயிற்சியும் வேண்டியிருக்கிறது.

அதற்குத் தண்ணீர் நல்ல துணை. மார்பளவு நீரில் நிற்கையில் கால்கள் தாங்கும் பளு, உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. முறிவுக்கு அஞ்சும் குழந்தை அங்கே துணிந்து காலை வீசுகிறது. தரையிலோ, குப்புறக் கிடந்து தலை தூக்குதல், உட்காருதல், பற்றிக்கொண்டு நிற்றல் என்று மருத்துவர் வகுத்தபடி மெல்ல முன்னேற வேண்டும். குழந்தை தானாக அசையவேண்டுமேயன்றிப் பிறர் கைகாலை இழுத்து நீட்டலாகாது. எண்ணெய் தேய்த்துக் கால் நீவிவிடும் நம் பாட்டிமார் இவ்விடத்தில் சற்றுப் பொறுத்தருள வேண்டும்! தூக்கும்போது ஒரு கை பிட்டத்தின் கீழும், மறு கை கழுத்துக்கும் தோளுக்கும் கீழுமாகத் தாங்கட்டும். துணி மாற்றக் கணுக்காலைப் பிடித்து உயர்த்துதல் கூடவே கூடாது.

நெதர்லாந்தில், நோய் மிகக் கடுமையாக இல்லாத 34 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2008-இல் வெளியாயிற்று. 12 வாரப் பயிற்சி பெற்றவர்களுக்கு மூச்சுத்திறனும் தசைவலிவும் கூடின. பயிற்சி நின்றபின் அந்தப் பலன் தேயலாயிற்று. பெற்றோர் மனத்தில் இருத்த வேண்டியது இந்தப் பின்பாதியே.

வேலை நிமித்தம் வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இங்கே ஒரு தனித் தொல்லை உண்டு. பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபி நிபுணரின் மொழி தாய்க்கு முழுதும் விளங்காமற்போகலாம். அவர் எதிரிலேயே தாய் ஒருமுறை செய்து காட்டிவிட்டால் ஐயம் தீரும். மாற்றலாகி வேறூர் செல்கையில் எக்ஸ்ரே படங்களையும், எலும்பினுள் கம்பி செருகியிருந்தால் அதன் விவரத்தையும், பயிற்சிக் குறிப்பையும் கையோடு எடுத்துச் செல்வோம். பள்ளிக்கும் ஒரு கடிதம் வேண்டும். விளையாட்டு வேளையில் பிள்ளையை வகுப்பறையில் பூட்டி வைக்க வேண்டா. இன்னின்ன பயிற்சியை மருத்துவர் அனுமதித்திருக்கிறார் என்று, அந்த ஊர் மொழியிலேயே, ஆசிரியர் படித்தறியும்படி எழுதித் தருவோம்.