இரண்டாவது குரல்

(ஜார்ஜ்டவுனில் நடந்த தொழிலாளர் வகுப்பில் கிராணித் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



பெரட்டுக் களத்தில் ஒரு புது உத்தரவு வாசிக்கப்படுகிறது. அநியாயம் என்று ஒருவன் மனத்துக்குள் நினைக்கிறான். அக்கம்பக்கம் பார்க்கிறான். எல்லாரும் வாய்மூடி நிற்கிறார்கள். "இவர்களுக்கெல்லாம் சம்மதம் போலிருக்கிறது, நமக்கு மட்டும் என்ன வந்தது?" என்று அவனும் பேசாமல் நிற்கிறான். பக்கத்தில் நிற்பவனோ, இவன் முகத்தைப் பார்த்தே அதே முடிவுக்கு வந்திருப்பான்! மனிதனை மனிதன் இப்படி ஆட்டிவைப்பதை ஆராயும் சாஸ்திரத்துக்குச் சமூக மனோதத்துவம் என்று பெயர்.

சாலமன் ஆஷ் என்ற பேராசிரியர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்து 1951-இல் வெளியிட்டார். ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம்? சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒரு மாணவனைத் தவிர மற்ற எல்லாரும் தவறாகச் சொல்லும்படி முன்கூட்டியே பழக்கப்பட்டவர்கள். அவர்கள் பொய் சொன்ன தடவைகளில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தோடு சேர்ந்து தவறின. அங்கே துரையும் இல்லை, கங்காணியும் இல்லை. யாரும் மிரட்டவில்லை!

பிறகு அந்தக் கூட்டத்தில் ஒரே ஓர் ஆளை மட்டும் உண்மை சொல்ல வைத்தார். தவறுகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. கவனியுங்கள். கூட்டம் கலையவில்லை. இரண்டாவது குரல் ஒன்று கேட்டது, அவ்வளவுதான்.

இது நம் சரித்திரத்திலும் உண்டு. துரையோ ஆசிய உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் அந்நாளில் இருந்தது. (கிராணிமாரும் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டவர்கள்தாம், என் உத்தியோகத்துக்காக அதை மறைக்கமாட்டேன்.) தனியாக ஒருவன் இறங்க மறுத்தால் திமிர் பிடித்தவன் என்று பெயர். 1941-இல் கிள்ளான் தொழிலாளர் ஆர்.எச். நாதன் தலைமையில் ஒன்றுசேர்ந்தபோது, கூலி உயர்வோடு, சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்பதும் ஒரு கோரிக்கையாயிற்று. மே மாதம் நாதனைப் பிடித்தார்கள். போராட்டம் அடங்கவில்லை, பரவியது. பட்டாளம் சுட்டு நம்மவர் மாண்டனர்.

நமக்கு அண்டையிலுள்ள கெடாவில், ஹார்வார்ட் தோட்டத்து ஏ.எம். சாமியின் தொண்டர் படை 1946, 47-இல் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் புறப்பட்டது. அதுவரை லயத்தில் குடிக்காதவன்தான் தனியாள்!

இன்னொரு விஷயம். விடையை வாயால் சொல்லாமல் தாளில் எழுதவிட்டபோதும் தவறு வெகுவாகக் குறைந்ததை ஆஷ் கண்டார். வேலைநிறுத்தத்துக்கு இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்கிறது 1959-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம். நாமோ கிளைக் கூட்டத்தில் மற்றக் காரியங்களை "கையைத் தூக்குங்கள்" என்று முடித்துவிடுகிறோம். பின்வரிசைத் தாய்மார்கள் முன்வரிசைக் கைகளைப் பார்த்துத்தானே தூக்குகிறார்கள்? எந்தத் தகராறை மேலிடத்துக்குக் கொண்டுபோவது என்பதையாவது சீட்டு எழுதித் தீர்மானிக்க வேண்டுமென்று வரும் கூட்டத்தில் நான் பிரேரேபிக்கப் போகிறேன். ஆமோதிக்க ஒருவர் வேண்டும்.