லாரி ஓட்டக் கிளம்பும் பிள்ளைகளுக்கு
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

நம் குடியிருப்பில் இரண்டு பிள்ளைகள் ஹெவி லைசென்ஸ் எடுத்திருப்பதாகச் செயலாளர் சொன்னார். இன்றைய பேச்சு அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்தான்.

தம்பிகளே, 20 வயதாகி, கார் லைசென்ஸ் வாங்கி ஓராண்டும் ஆகியிருந்தால் மேலே போகலாம். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதியையும் 2019-ல் எடுத்துவிட்டார்கள். ஆனால் முன்பெல்லாம் சில வருடம் கிளீனராக இருந்துதான் ஸ்டியரிங்கைத் தொடுவார்கள். இப்போது பல வண்டிகளில் கிளீனரே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் கிடையாது.

அதனால் தொப்பூரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சேலத்துக்குக் காரில் போகும் நமக்கு அது சாதாரண இறக்கம். லோடு வண்டிக்கு அப்படியில்லை. 2020 டிசம்பர் 12 அன்று ஒரு லாரி அங்கே வரிசையாக வண்டிகள் மீது மோதி 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று மறுபடியும் 4 பேர்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். மிச்சமாகும் டீசல் காசு டிரைவருக்கு என்று பேசிவிடும் முதலாளிகளும் உண்டு. ஆசை அங்கேதான் வருகிறது. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் வண்டியைப் பிடித்து இழுக்காது. மொத்தப் பாரமும் பிரேக்கில் விழும். டிரம் சூடேறினால் எவ்வளவு மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. இன்ஜினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம், கம்ப்ரசர் நின்று ஏர் இறங்கிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மிச்சமே பொய். இப்போது வரும் வண்டிகளில் கியரில் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் சும்மா ஓடிக் குடிக்கும்.

ஆகவே இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். பாதியில் மாற்றப் பார்த்தால் சில நேரம் கியர் விழாமல் நியூட்ரலிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஏர் மீட்டரைப் பாருங்கள். தூக்கம் வந்தால் மேலேயே ஓரங்கட்டுங்கள். நாளுக்கு 8 மணி நேரம்தான் என்று 1961-லேயே சட்டம் போட்டார்கள். லைனில் யாரும் அதைப் பார்ப்பதில்லை, ஆனாலும் முதலாளியிடம் கேட்க உங்களுக்கு வாய் இருக்கிறது.

பெற்றவர்களே, பையன் வண்டியில் இருக்கும்போது நீங்கள் போன் போடாதீர்கள். நிறுத்தியதும் அவனே கூப்பிடட்டும்.