நண்பகல் மின்சாரமும் இரவு விளக்கும்

நோன்பு மாதத்திலே கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களில் பகலும் இரவும் இடம் மாறிக்கொள்கின்றன எனலாம். வைகறைக்கு முன்னரே ஸஹர் உணவுக்காக அடுக்களைகளில் விளக்கெரிகின்றது. நோன்பு திறந்த பின்னர் தராவீஹ் தொழுகைக்காகப் பள்ளிவாசல்களில் மின்விசிறிகள் சுழல்கின்றன. கடைத்தெருவும் நெடுநேரம் விழித்திருக்கின்றது. இவ்விரு வேளைகளிலும் வானத்திலே ஞாயிறு இல்லை. அவ்வூர்க் கூரைகளிலுள்ள சூரியத் தகடுகளோ நண்பகலிலேதான் தம் முழு வலிமையையும் காட்டுகின்றன. மின்சாரம் பிறக்கும் வேளை ஒன்று. அது வேண்டப்படும் வேளை வேறொன்று.

இவ்விடைவெளியைப் பற்றிச் சிந்திக்கும் நேயர்கள், நூறாண்டுகளுக்கு முன்னரே இத்தகைய வினாவை எதிர்கொண்ட ஒரு பொறியியலாளரை அறிந்திருத்தல் நன்று. டி. ஜே. விமலசுரேந்திர 1874 ஆம் ஆண்டு காலியிலே பிறந்தவர். அரசாங்கத்தின் பொதுவேலைத் திணைக்களத்திற் பணியாற்றியவர். பொன் உண்டா எனப் பார்த்துவர மஸ்கெலியாப் பள்ளத்தாக்குக்கு அனுப்பப்பட்ட அவர், பொன்னை விட்டு அருவிகளைக் கண்டு திரும்பினார். 1912 இல் நுவரெலியா நகருக்கு ஒளியூட்டுவதற்காகப் பிளாக்பூல் என்னுமிடத்திலே ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்தார். 1918 இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் அவர் படித்த கட்டுரை, கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்னும் இரு ஆறுகளையும் மின்னாக்கும் வழியைக் காட்டிற்று. அக்கட்டுரை பேசியது நீர்வலிமையின் பொருளாதாரத்தை என்பது கருதத்தக்கது. ஆற்றிலே நீர் உண்டு என்பதை எவரும் மறுக்கவில்லை. 'இவ்வளவு மின்சாரத்தையும் வாங்குவார் யார்?' என்பதே அன்று எழுந்த தடை. அதற்கு விடையாக, புகைவண்டிகளையும் மின்சாரத்தால் ஓட்டலாம் என்றார் அவர். விற்கும் இடம் இல்லையெனில் ஆக்கும் இடமும் பயனற்றது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

1920களிலே தொடங்கிய இலக்சபானா வேலை பணமுடையினால் நின்றது. பதவியை விட்டு நீங்கிய விமலசுரேந்திர, 1931 இல் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் அதே கோரிக்கையை எழுப்பினார். 25 மெகாவாட் வலிமையுள்ள முதல் நிலையம் 1950 இலேயே இயங்கலாயிற்று. கட்டுரைக்கும் மின்சாரத்திற்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள்! 1953 இல் அவர் காலமானார்.

அவர் காட்டிய வழியின் பெருஞ்சிறப்பு, நீர் காத்திருக்கும் என்பதாகும். காசல்ரீ, மவுசாகலை முதலிய நீர்த்தேக்கங்களிலே பகலில் அடைத்துவைத்த நீரை மாலையிலே திறக்கலாம். அம்பாறை மக்களுக்கு இதன் மற்றொரு முகமும் தெரியும். பட்டிப்பளை ஆறு என்று முன்னோர் அழைத்த கல்லோயாவை மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரம் ஏறத்தாழ 770,000 ஏக்கர் அடி நீரைக் கொள்ளும். அதன் அடியிலே இங்கினியாகலை மின்நிலையம் இருக்கின்றது. ஆயினும் அங்கு முதலுரிமை நெல்லுக்கே. வயலுக்கு நீர் திறக்கும்போதே பெரும்பாலும் மின்சாரமும் பிறக்கின்றது. விளக்கு உழவனின் நாட்காட்டியைப் பின்பற்றுகின்றது, அது முறையுமாகும்.

ஞாயிற்றொளி எவருக்காகவும் காத்திருப்பதில்லை. கூரையிற் பிறக்கும் மின்சாரத்தை மின்வலையமைப்புக்கு விற்கும் வழி திறந்து, 2016 இல் அரசாங்கம் அதனை ஓர் இயக்கமாகவே முன்னெடுத்த பின்னர், கரையோரத்து வீடுகளிலும் தகடுகள் பெருகின. மின்வலையமைப்போ ஒவ்வொரு நொடியும் ஆக்கமும் நுகர்வும் சமமாயிருக்க வேண்டிய ஒரு தராசு. மிதிப்பதை நிறுத்திய பின்னும் துவிச்சக்கரவண்டி சிறிது தூரம் ஓடுமன்றோ? நீர்மின், நிலக்கரி நிலையங்களின் பெரும் பொறிகள் அவ்வாறே தம் சுழற்சியின் உந்தலால் சிறு அதிர்ச்சிகளைத் தாங்கிக்கொள்ளும். சுழலும் பாகம் எதுவுமற்ற தகடுகளுக்கு அவ்வுந்தல் இயல்பாக இல்லை. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகங்கள் மூடிக்கிடந்தன, வெயிலோ தாராளம். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஏற்பட்ட ஒரு தடங்கல் முழு நாட்டையும் இருளில் ஆழ்த்திற்று. ஒரு குரங்கே காரணம் என அமைச்சர் கூறியதைக் கேட்டு நாடு நகைத்தது. ஆனால் குரங்கொன்று தொட்டதும் சரியும் அளவுக்குத் தராசு மெலிந்திருந்தது என்பதே கவனிக்க வேண்டிய செய்தி.

அவ்வாண்டு ஏப்ரிலில், புத்தாண்டு விடுமுறையை ஒட்டி, பகல் வேளையிலே கூரைத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. வங்கிக் கடன் பெற்றுத் தகடு பூட்டிய ஒரு குடும்பத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். தவணைப் பணத்திற்கு விடுமுறை கிடையாது. மறுபுறத்தே, தகடு பூட்ட வசதியற்ற ஓலைக்கூரை வீட்டாரும் இருக்கின்றனர். பகலிலே வேண்டாத மின்சாரத்தை உயர்ந்த விலைக்கு வாங்கினால், அச்சுமை அவர்களுடைய கட்டணச் சீட்டிலும் சேரும். இருசாராரிடத்தும் நியாயம் உண்டு. ஓர் அலகு மின்சாரத்திற்கு எந்த வேளையிலும் ஒரே விலை என்று எழுதிய ஒப்பந்தமே உண்மையான குற்றவாளி.

மாலை ஆறரை முதல் பத்தரை வரை நாட்டின் மின்தேவை உச்சத்தை அடைகின்றது. பகல் மின்சாரத்தை மின்கலத்திற் சேமித்து அவ்வேளையிலே வழங்குவோருக்குத் தனிவிலை தரும் முயற்சி 2025 இல் மேற்கொள்ளப்பட்டது. அரநாயக்கப் பகுதியிலே, பகல் மின்சாரத்தால் நீரை மேலேற்றி இரவிலே இறக்கும் 600 மெகாவாட் நிலையமொன்றும் திட்டத்தில் உள்ளது. இவை பெருஞ்செலவானவை. ஆனால் தேவையை வெயிலை நோக்கி நகர்த்துவதற்கு அத்துணைச் செலவில்லை. தொழிற்சாலைகளுக்கு நெடுங்காலமாக இருந்துவந்த கட்டண ஒழுங்கிலே இரவு பத்தரைக்குப் பிற்பட்ட மின்சாரமே மலிவானது. நீரையும் நிலக்கரியையும் நம்பியிருந்த காலத்தில் அது பொருத்தமே. இன்று மிகுந்து வழிவது நண்பகல் மின்சாரமன்றோ? அதனை மலிவாக்கினால் நெல் ஆலைகளும் மருதமுனையின் விசைத்தறிகளும் பகலுக்கேற்பத் தம் வேலையை ஒழுங்கு செய்துகொள்ளும். கரையோரத்து ஐஸ் ஆலைகளோ நடுப்பகல் வெயிலைப் பனிக்கட்டியாக உறையவைக்கும். மாலையிலே ஆழ்கடலுக்குப் புறப்படும் படகுகள் அதனை ஏற்றிச் செல்லும்.