முந்தானையில் முடிந்த கோரைக்கிழங்கு

(ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



வயல் வைத்திருப்பவர்களுக்குக் கோரை என்றாலே எரிச்சல்தான். எத்தனை முறை களை எடுத்தாலும் மண்ணுக்குள் ஒரு கிழங்கு தப்பினால் போதும், மறுபடியும் முளைத்துவிடும். ஈர வயலிலும் வாய்க்கால் ஓரத்திலும் பார்த்திருப்பீர்கள். தண்டை விரலால் உருட்டினால் முப்பட்டையாக இருக்கும். புல்லுக்கும் கோரைக்கும் அதுவே வித்தியாசம்.

விவசாயி வெறுக்கும் இந்தக் கிழங்கை நம் பாட்டிமார் காயவைத்துப் பத்திரப்படுத்தினார்கள். காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கஷாயம் வைத்தார்கள். தாய்ப்பால் சுரக்க, பச்சைக் கிழங்கை அரைத்து மார்பில் பற்றுப் போட்டார்கள். சித்த மருத்துவத்தின் நிலவேம்புக் குடிநீரில் சேரும் 9 சரக்குகளில் கோரைக்கிழங்கும் ஒன்று. சீன வைத்தியத்தில் மாதவிடாய்க் கோளாறுகளுக்கு இதைக் கொடுக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்குமுன் ஒரு மழைக்காலத்தில், கண் குழிந்துபோன பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டியம்மா வந்தார். மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. "வீட்டில் ஏதாவது கொடுத்தீர்களா?" என்று டாக்டர் கேட்டார். "ஒண்ணும் குடுக்கலீங்க" என்றார்.

இரவு ஜெபிக்க வார்டுக்குப் போனபோது, எங்களிடம் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே கறுத்த, வாசமுள்ள கோரைக்கிழங்குகள். "முன்னே ஒருதரம் சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சீங்க ஐயா. அதான் மறைச்சிட்டேன். கஷாயம் குடுத்து, தண்ணியை நிறுத்திட்டேன்" என்றார்.

எங்களுக்குச் சுருக்கென்றது. குழந்தையை வாட்டியது தண்ணீரை நிறுத்தியதுதான். அதை அவர் சொல்லாதபடி வாயை அடைத்தது எங்கள் சிரிப்பு. தேவகிருபையால் குழந்தை பிழைத்தது. மூன்றாம் நாள் இட்லி கேட்டது.

அதுமுதல், "என்ன கைவைத்தியம் செய்தீர்கள்?" என்று முதலில் மரியாதையாகக் கேட்கிறோம். சொல்வதைச் சீட்டில் எழுதிக்கொள்கிறோம். பிறகு இதைச் சொல்லி அனுப்புகிறோம்: வயிற்றுப்போக்கில் உயிரைக் காப்பது தண்ணீரும் உப்பும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டிப் போட்டுக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மலத்தில் இரத்தம் கண்டாலோ, கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

நீங்கள் அன்போடு அனுப்பும் காணிக்கை மருந்தாகிறது. இன்னொரு உதவியும் கேட்கிறோம். உங்கள் ஊரில் ஒரு பாட்டியம்மா கோரைக்கிழங்கோடு நின்றால், சிரிக்காமல் கேளுங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாமென்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை ஒரு பிள்ளையைக் காப்பாற்றும்.