துப்பாக்கியும் பொறுப்பும்



ஒவ்வொரு வன்கொடுமைக்குப் பிறகும் நம் இளைஞர்கள் ஒன்றைக் கேட்கிறார்கள்: "எத்தனை காலத்துக்கு மனு கொடுத்துக்கொண்டே இருப்பது? நம் கையிலும் துப்பாக்கி இருந்தால் தொடுவார்களா?" இந்தக் கேள்வியை அதட்டி உட்கார வைப்பது நேர்மையாகாது. அதற்குப் பதில் சொல்லவே இந்த நினைவுரையை எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஜோன்ஸ்பரோ என்றொரு சிற்றூர். 1964ஆம் ஆண்டு, கறுப்பின மக்களின் குடியிருப்புக்குள் கு கிளக்ஸ் கிளான் கும்பலின் கார்கள் வரிசையாக வந்தன. முன்னால் வழிகாட்டி வந்தது போலீஸ் வண்டி. காக்க வேண்டியவர்களே கும்பலோடு வந்த பிறகு, ஆலைத் தொழிலாளர்களும் முன்னாள் படைவீரர்களும் சேர்ந்து 'டீக்கன்ஸ் ஃபார் டிஃபென்ஸ் அண்ட் ஜஸ்டிஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். குடியிருப்புகளில் இரவுக்காவல் இருந்தார்கள். குடியுரிமைப் போராட்டத் தொண்டர்களுக்குப் பாதுகாப்பாக உடன் போனார்கள். முன்கோபிகளைச் சேர்க்க மறுத்தார்கள்.

1965இல் அவ்வூர் மாணவர்கள் பள்ளி முன் மறியல் செய்தார்கள். அவர்கள்மேல் நீரைப் பீய்ச்சத் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. டீக்கன்கள் சிலர் காரில் வந்து இறங்கி, எல்லோரும் பார்க்கத் துப்பாக்கிகளில் தோட்டாக்களைப் போட்டார்கள். வண்டி திரும்பிப் போனது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

அதே ஆண்டு ஜூலையில், பொகலூசா என்ற ஊரில், ஊர்வலத்தில் காயம்பட்ட ஒரு சிறுமியைக் காரில் ஏற்றும்போது வெள்ளையர் கும்பல் சூழ்ந்து தாக்கியது. ஒரு டீக்கன் சுட்டார். சுடப்பட்டவர் பிழைத்துக்கொண்டார். அதுவரை பாராமுகமாக இருந்த மத்திய அரசு அதன்பின் கிளானுக்கும் உள்ளூர் அதிகாரிகளுக்கும் எதிராக நீதிமன்றம் சென்றது. டிசம்பரில் கிளானுக்கு எதிரான ஆணை வந்தது.

இதைக் கேட்டுவிட்டு ஆளுக்கொரு துப்பாக்கி தேட வேண்டாம். அங்கே அது அவர்கள் சட்டப்படி வெளிப்படையாக வைத்திருந்த ஆயுதம். இங்கே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமமில்லாத துப்பாக்கி நம் பிள்ளையைக் காப்பாற்றாது. சிறைக்கு அனுப்பும், நம் சேரி முழுவதையும் தேடுதல் வேட்டைக்குத் திறந்துவிடும்.

ஆனால் நம் சட்டம் சொல்வதை நம்மில் பலர் படித்ததில்லை. 1995ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 3ஆம் விதியைப் பாருங்கள். வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதியை அரசு அடையாளம் காண வேண்டும். தேவைப்பட்டால் அங்கே பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யலாம். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். உயிரையும் உடைமையையும் காக்கத் தேவையென்றால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கே ஆயுத உரிமம் வழங்கலாம். இதை எழுதிவைத்தது நாமல்ல, அரசாங்கம்.

அந்த விதியின் வரிசையைக் கவனியுங்கள். தாக்க வருபவரின் ஆயுதத்தை இறக்குவது முதலில். நம் கையில் கொடுப்பது கடைசியில். நம் கோரிக்கையும் அந்த வரிசையிலேயே இருக்க வேண்டும். குடிப்பழக்கமும் சண்டையும் குழந்தைகளும் உள்ள வீட்டில் ஒரு துப்பாக்கி நுழைந்தால், அது முதலில் குறிவைப்பது அந்த வீட்டாரையே.

தற்காப்பு உரிமை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கிறது. அதற்கு எல்லை உண்டு. காவலர்களின் உதவியை நாட நேரமிருந்தால் அந்த உரிமை இல்லை. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக் கூடாது. ஓடுகிறவன் முதுகில் சுடுவது தற்காப்பல்ல, பழிவாங்கல். திருப்பி ஒரு கல் எறிந்தாலே எதிர்வழக்குப் பாயும் நாட்டில், இந்த எல்லையை நம்மைவிடக் கூர்மையாக அறிந்திருக்க வேண்டியவர்கள் வேறு யாருமில்லை.

1927இல் மகாடில் நம் மக்கள் தாக்கப்பட்டபோது, பாபாசாகேபைச் சுற்றி முன்னாள் மகர் படைவீரர்கள் திருப்பியடிக்கத் தயாராக நின்றார்கள். அவர் தடுத்தார். தாக்கியவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தினார், தண்டனையும் கிடைத்தது. கையில் பலம் இருந்தும் அடக்கியதால்தான் அதைக் கட்டுப்பாடு என்கிறோம்.

மாணவர்கள் இங்கிருந்து போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மாவட்டத்தில் வன்கொடுமைக்கு இடமுள்ள பகுதிகள் எவை, அங்கே யாரிடம் எத்தனை துப்பாக்கி உரிமங்கள் உள்ளன, 3ஆம் விதிப்படி எத்தனை ரத்தாயின என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவில் அந்தப் பதிலை வையுங்கள்.

ஜெய்பீம்.