தகரம் அடித்த தெரு



"கொரோனாதான் போயே போச்சே, இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்று இந்த அரூர்க் கூட்டத்தில் பின்னால் ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. ஐயா, காய்ச்சல் போய்விட்டது. மனசுக்குள் அது போட்ட முடிச்சை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. அதனால்தான் பேசுகிறேன்.

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாடு அடைக்கப்பட்டது. அன்றைக்கு நம் தருமபுரி மாவட்டத்தில் ஒரு தொற்றுகூடப் பதிவாகவில்லை. நோய்க்கு முன்னால் பயம் வந்து சேர்ந்தது. பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி என்று போன நம் பிள்ளைகள், கிடைத்த லாரியில் ஏறியும் நடந்தும் ஊர் திரும்பினார்கள். ஊர் எப்படி வரவேற்றது? கதவில் ஸ்டிக்கர். தெருமுனையில் தகரம். பால் ஊற்றுகிறவர் செம்பைத் தொடாமல் எட்டி நின்று ஊற்றினார். பதினான்கு நாளில் தகரத்தைக் கழற்றிவிட்டார்கள். அக்கம்பக்கத்துப் பேச்சு மட்டும் பழையபடி வரவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு ஒன்று சொல்கிறேன். 2019-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த தினக்கூலித் தொழிலாளர்கள் 32,563 பேர். 2021-இல் 42,004 பேர். அத்தனைக்கும் கொரோனாதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கூலி நின்ற வீட்டு வாசலில் குழுக்கடன் தவணைக்கு ஆள் வந்து நின்றால் அந்த வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்?

கவுன்சிலிங் என்ற பேச்சு அரூருக்கு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே நமக்குச் சாவு வீடு இருந்தது. மேளச் சத்தம் கேட்டதும் ஊரே கூடும். பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு, வைதும் வாழ்த்தியும் ஒப்பாரி வைப்பார்கள். செத்தவர் மேல் இருந்த கோபம்கூட அந்தப் பாட்டில் வெளியே வந்துவிடும். காரியம் முடியும்வரை உறவுக்காரர்கள் சோறு கொண்டுவருவார்கள். 2021 மே மாதம், இரண்டாம் அலையில், இருபது பேருக்கு மேல் கூடாது என்றார்கள். தொற்று அப்படி, தவறென்று சொல்ல முடியாது. பொட்டலமாகக் கட்டிய உடல், ஜேசிபி தோண்டிய குழி, தூரத்தில் நிறுத்தப்பட்ட மனைவி. "உள்ளே இருந்தது அவருதானா?" என்று கேட்ட பெண்களுக்கு நாம் என்ன சொன்னோம்? "விதிம்மா, விடு" என்றோம். அழ வேண்டியதை அழவிடாமல் விட்டால் அது நெஞ்சு வலியாக, தலைச்சுற்றலாக ஆஸ்பத்திரி வரிசையில் வந்து நிற்கிறது.

கொரோனாவின் முதல் ஆண்டிலேயே பதற்றமும் மனச்சோர்வும் உலகளவில் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது. நம் அரசு 14416 என்ற எண்ணில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவையை அதே ஆண்டில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். நல்ல காரியம். மூன்று அலை அடித்து ஓய்ந்த பிறகு வந்தது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

போன் மட்டும் போதுமா? சித்தேரி மலையில் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி நின்று, ஊர் கேட்கும்படியா ஒருத்தி தன் மனசைக் கொட்டுவாள்? மனநல மருத்துவரை நேரில் பார்க்க மலை இறங்கி அரூர் வந்து, இன்னொரு பஸ் பிடித்துத் தருமபுரி போனால் ஒரு நாள் கூலி போச்சு.

வழி பக்கத்திலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வாசலுக்கே வருகின்றன. கொண்டுவரும் பெண் திண்ணையில் உட்கார்ந்து, "ராத்திரி தூக்கம் வருதாம்மா? சாப்பாடு இறங்குதா?" என்று இரண்டு கேள்வி கேட்கட்டும். அதற்குப் பயிற்சி கொடுங்கள், கூடவே சம்பளமும் கூட்டிக் கொடுங்கள். வெறும் வேலையை மட்டும் கூட்டாதீர்கள்!

மேடையில் இருக்கும் உள்ளாட்சிப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். மனநல மருத்துவரை எங்கே, எந்தக் கிழமை பார்க்கலாம் என்று ரேஷன் கடைச் சுவரில் பெரிதாக எழுதிப் போடுங்கள். பக்கத்திலேயே 14416. செலவு ஒரு டப்பா பெயிண்ட். பெயிண்ட் அடிக்க ஆள் வேண்டுமென்றால், வேலை இல்லாமல் திரும்பி வந்த பையன்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள், கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள்.